வேகம் குறையும்போது வெடிக்கும் புகைக்குழாய்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மூடினால், சில வண்டிகளின் புகைக்குழாயில் 'பட், பட்' என்று சிறு வெடிகள் எழுவதுண்டு. சமதரையில் இவை ஒன்றிரண்டோடு நின்றுவிடும். புனேயிலிருந்து ஸாத்தாரா செல்லும் பழைய பாதையில் காத்ரஜ் கணவாயைக் கடந்து இறங்கும்போதும், சிங்ககட் கோட்டையிலிருந்து திரும்பும்போதும், வண்டியைக் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மூடியபடியே நெடுநேரம் இறங்க வேண்டியிருக்கிறது. குறையுள்ள வண்டியில் அவ்வேளையில் வெடியோசை தொடர்ந்து கேட்கும். நீலகிரியிலும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பணிபுரிவோர் இதனை நன்கு அறிவர்.

இவ்வோசை கேட்டவுடன் பெரும்பாலோர் சாலையோரப் பட்டறையை நாடுகின்றனர். அங்கே கார்புரேட்டரின் திருகு அரைச் சுற்று திருப்பப்படுகிறது; ஓசையும் அடங்கிவிடுகிறது. ஓசை அடங்கியதனால் குறை நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா? பல சந்தர்ப்பங்களில் குறை அப்படியே இருக்க, பெட்ரோல் செலவும் நச்சு வாயுவும் மட்டுமே மிகுந்திருக்கும். வெடியின் காரணத்தை முறையாகத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகக் குறைப்பின் பங்கு

இந்திய மோட்டார் வாகனத் தொழிலில் புனே நகருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. நகரையடுத்த ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் நீண்டகாலம் ஸ்கூட்டர்களை உற்பத்தி செய்து வந்தது. வாகனத் தொழிலினரும் மத்திய அரசாங்கமும் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் நிறுவிய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், அதாவது ஏ. ஆர். ஏ. ஐ., இந்நகரின் வேதாள் குன்றின்மீது அமைந்திருக்கிறது. புதிய மாதிரி வண்டிகள் விற்பனைக்கு வருமுன் அவற்றைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற நிலையங்களுள் இதுவும் ஒன்று.

வண்டியின் கழிவு வாயுவை அளப்பதற்கு, அது நகரச் சாலையில் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் குறிக்கும் ஒரு திட்டமான அட்டவணை தேவை. 'இந்திய ஓட்டச் சுற்று' எனப்படும் அத்தகைய அட்டவணையை 1980களில் வகுத்தது புனே நிலையமே. ஒரு சுற்றின் காலம் 108 விநாடிகள். அதில் 16 விநாடிகள் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகிறது. 42 விநாடிகள் வேகம் கூடுகிறது. 13 விநாடிகள் சீரான வேகம். எஞ்சிய 37 விநாடிகளும் வேகம் குறையும் நேரமாகும். மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னர் உலகப் பொதுச் சுற்று ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டதெனினும், பழைய அட்டவணை உணர்த்தும் உண்மை மாறவில்லை. நமது நகரங்களில் வண்டி ஓடும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் குறைப்பதிலேயே கழிகிறது. ஆதலால் அவ்வேளையில் மட்டும் தோன்றும் குறையை அற்பமானதென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

எரிய வேண்டிய இடமும் எரியும் இடமும்

பெட்ரோல் ஸிலிண்டருக்குள் எரிவதே முறை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதற்கு மிகுந்தால் கலவை 'மெலிந்தது' என்றும், குறைந்தால் 'செறிந்தது' என்றும் கூறுவர்.

ஆக்ஸிலரேட்டர் மூடப்பட்டதும் காற்று செல்லும் வழி அனேகமாக அடைபட்டுவிடுகிறது. எனினும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே உள்ளிழுக்கும் குழாயில் காற்றழுத்தம் மிகவும் தாழ்கிறது. ஸிலிண்டருக்குள் புகும் புதுக்கலவை சொற்பமாகவும், முன்சுற்றில் எரிந்து எஞ்சிய வாயு மிகுதியாகவும் இருக்கின்றன. இத்தகைய கலவையில் ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்பினாலும் தீ பரவாமல் போவதுண்டு. எரியாத பெட்ரோல் ஆவி, வெளியேற்று வால்வு திறந்ததும் அப்படியே புகைக்குழாயை அடைகிறது.

நிமிடத்துக்கு 4,800 முறை சுழலும் ஒற்றை ஸிலிண்டர் நான்கடி எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் விநாடிக்கு 40 முறை எரிதல் நிகழ வேண்டும். இருபதில் ஒன்று தவறினும் விநாடிக்கு இருமுறை எரியாத கலவை வெளியேறும். மேட்டில் பாரத்துடன் ஏறி வந்த வண்டியில் புகைக்குழாயின் தொடக்கப் பகுதி கடுமையாகக் காய்ந்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றில் கன அளவில் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை கலந்திருந்தால் தீப்பற்றும் தன்மையுடையது. சூடு இருக்கிறது, ஆவி இருக்கிறது, போதிய பிராணவாயுவும் கிடைத்தால் புகைக்குழாயினுள் வெடி நிகழ்கிறது. நாம் கேட்கும் ஓசை இதுவே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மெக்கானிக்குகள் எல்லா வெடிகளையும் 'பேக்ஃபயர்' என்றே குறிப்பிடுவர். கார்புரேட்டரின் வழியாகப் பின்னோக்கி வெடிப்பது வேறு. புகைக்குழாயில் வெடிப்பது வேறு. முன்னதற்கு உள்ளிழுக்கும் வால்வின் கோளாறோ பொறி எழும் காலப் பிழையோ பெரும்பாலும் காரணமாகும். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது.

மேற்கூறிய விளக்கத்திலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. புகைக்குழாய் வெடிக்கு இரண்டு நிலைமைகள் ஒருங்கே வேண்டும்: ஸிலிண்டரில் எரியாது தப்பிய பெட்ரோல் ஒன்று, புகைக்குழாயினுள் புகுந்த காற்று மற்றொன்று. ஆகவே தேடுதலும் இருவகைப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

ஓசையை அடக்குவதால் வரும் கேடு

கார்புரேட்டர் திருகைத் திருப்பிக் கலவையைச் செறிவாக்கினால் ஸிலிண்டரில் எரிதல் தவறாது நிகழ்கிறது, வெடியும் நிற்கிறது. ஆயின் காஸ்கெட்டின் பிளவு வழியே காற்று புகுந்துகொண்டேதான் இருக்கும். செறிந்த கலவையில் கார்பன் மோனாக்ஸைடு மிகும். 2000ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளுக்குப்பின் தயாரான நான்கடி மோட்டார் சைக்கிள்களுக்கு, எஞ்சின் வெறுமனே ஓடும் நிலையில் கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 4,500 பங்கையும் மீறலாகாது என்று விதி செய்யப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளுக்குரிய வரம்பு இதனினும் கடுமையானது. ஓசை அடங்கிய வண்டி புகைச் சோதனையில் தவறுவதன் காரணம் இதனால் விளங்கும்.

மற்றொரு பட்டறை வழக்கம் துணைக்காற்றுக் குழாயை அடைத்துவிடுவது. பல வண்டிகளில், எரியாது வந்த வாயுவைப் புகைக்குழாயின் வாயிலிலேயே எரித்துவிடும் பொருட்டு, ஒருவழி வால்வின் மூலம் சிறிது காற்று வேண்டுமென்றே செலுத்தப்படுகிறது. இதனை அடைத்தால் வெடி நிற்கலாம். நச்சு வாயுவை அகற்றவென அமைந்த வழியும் அத்துடன் நின்றுவிடும்.

குறையை அப்படியே விட்டுவிடுவதும் நன்றன்று. சைலென்ஸருக்குள் கேடலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்ட வண்டிகளில், எரியாத பெட்ரோல் அதன் தேன்கூடு போன்ற அறைகளில் எரிந்து அளவுகடந்த வெப்பத்தை உண்டாக்கும். நாளடைவில் அதன் மேற்பூச்சு செயலிழக்கும்; அறைகள் உருகி அடைபடவும் கூடும். சில ரூபாய் விலையுள்ள காஸ்கெட்டைக் கவனியாது விட்டதன் பயனாக, பல ஆயிரம் ரூபாய் பெறுமான உறுப்பை மாற்ற வேண்டிவரும்.

ஆராயும் வரிசை

காரணங்கள் பலவாயினும், எளிதிற் காணத்தக்கதை முதலிலும் கழற்ற வேண்டியதைப் பின்னரும் பார்ப்பது சிறந்தது. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணம் ஏற்பட்டது என்பது தெரியாமற் போகும்.

1. ஓசையின் வரலாறு. வெடி எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் எழுகிறது, சைலென்ஸரோ பெட்ரோலோ அண்மையில் மாற்றப்பட்டதா என்பவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். துணைக்காற்று அமைப்புள்ள வண்டியில் நீண்ட இறக்கத்தில் மெல்லிய வெடி எப்போதாவது கேட்பது இயல்பே. முன்பு இல்லாத ஓசை புதிதாகத் தோன்றுவதும், இருந்த ஓசை வலுப்பதுமே குறையின் அறிகுறிகள்.

2. புகைக்குழாயின் இணைப்புகள். புகைக்குழாய் ஸிலிண்டர் தலையுடன் சேரும் இடத்திலும், சைலென்ஸருடன் சேரும் இடத்திலும் கரும்புகைக் கோடு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிவு வாயு குழாயில் ஒரே சீராகச் செல்வதில்லை. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடத் தாழ்கிறது. அக்கணத்தில் சிறு பிளவின் வழியேயும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இணைப்பின்மேல் சோப்பு நீரைத் தடவி, பின்னர் எஞ்சினை இயக்கினால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் தோன்றும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். குழாயைக் கழற்றினால் பழைய காஸ்கெட்டை மீண்டும் இடாமல் புதியதை இடுவதே முறை.

3. துணைக்காற்று அமைப்பு. ஆக்ஸிலரேட்டரை மூடியவுடன் இவ்வமைப்பின் காற்றும் தடைப்படுமாறு, உள்ளிழுக்கும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் அதன் கட்டுப்பாட்டு வால்வுக்குச் செல்கிறது. அந்த ரப்பர் வெடித்தோ கழன்றோ இருந்தால் தடை வேலை செய்யாது. காற்று தொடர்ந்து புகும். பல வண்டிகளில் குறை இங்கேயே அகப்பட்டுவிடும்.

4. உள்ளிழுக்கும் வழி. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர்க் கழுத்தில் வெடிப்பு உண்டாயின், அளவுக்கு மிஞ்சிய காற்று புகுந்து கலவை மெலியும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அவ்விடத்தில் சிறிது சோப்பு நீரைத் தெளித்தால், வெடிப்பு ஒரு கணம் அடைபட்டு எஞ்சினின் ஓட்டம் மாறுவதைக் கேட்கலாம். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கின்றனர். அது தீ விபத்துக்கு வழிவகுக்கும்; ஒருபோதும் செய்யலாகாது.

5. கார்புரேட்டர். ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோலை அளிப்பது பைலட் ஜெட் எனப்படும் மிக நுண்ணிய துளையே. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியில் இத்துளை பிசினால் அடைபடும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே தக்கது. சில கார்புரேட்டர்களில், வேகம் குறையும் வேளையில் கலவையைச் சற்றே செறிவாக்கும் பொருட்டு டயாஃப்ரம் எனப்படும் ரப்பர்ச் சவ்வு அமைந்திருக்கும். அது கிழிந்திருந்தாலும் வெடி எழும்.

திருகைத் தொடுவதாயின், முதலில் அதனை மெதுவாக முற்றிலும் உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பழைய நிலைக்கு மீள இயலும். திருகு கார்புரேட்டரில் ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருகினால் கலவை செறியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் மெலியும். இவ்வேறுபாட்டை அறியாமல் திருப்புவோர் குறையை இருமடங்காக்கிவிடுவர்.

6. பொறியும் வால்வும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை எஞ்சினின் நிலையை எடுத்துரைக்கும். இளம் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும்; வெளுத்த சாம்பல் நிறம் மெலிந்த கலவையையும், கருங்கரி செறிந்த கலவையையும் காட்டும். மிகச் செறிந்த கலவையும் எரியாது தப்பி, குழாயில் காற்றைச் சந்தித்தவுடன் வெடிக்கும் என்பதை மறக்கலாகாது. பிளக்கின் இடைவெளியும், எஞ்சின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளியும் தயாரிப்பாளர் குறித்த அளவில் இருக்க வேண்டும். வெளியேற்று வால்வின் இடைவெளி அளவுக்குக் குறைந்தால் வால்வு முற்றிலும் மூடாது. கலவை எரியுமுன்னரே கசிந்து வெளியேறும்.

பெட்ரோல் பீச்சும் வண்டிகள்

பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப்பின் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பே பெரும்பாலும் காணப்படுகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போது இது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுமாதலால் வெடி எழுவது அரிது. எழுமாயின் பீச்சுமுனையின் கசிவையும் புகைக்குழாயின் கசிவையும் ஐயுற வேண்டும்.

இவ்வண்டிகளில் கழிவு வாயுவிலுள்ள பிராணவாயுவை ஒரு ஸென்ஸர் அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. ஸென்ஸருக்கு முன்னுள்ள இணைப்பில் காற்று புகுந்தால், கலவை மெலிந்திருப்பதாகப் பெட்டி தவறாக முடிவு செய்து பெட்ரோலைக் கூட்டிவிடும். சாலையோர மெக்கானிக் திருகைத் திருப்பிச் செய்யும் அதே பிழையை இங்கே கருவியே செய்கிறது. கருவி பழுதென்று கருதி அதனை மாற்றுமுன், காஸ்கெட்டைப் பரிசோதிப்பது சிக்கனமாகும்.

எதனால் கலந்த பெட்ரோல்

கரும்பு விளையும் மகாராஷ்டிரத்தில் எதனால் பற்றிய முயற்சிகள் முக்கியமானவை. 2021ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, முழு எதனால் வழங்கும் நிலையங்கள் புனேயில் மூன்று இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் நாட்டில் படிப்படியாக விற்பனைக்கு வந்தது.

எதனாலில் பிராணவாயு முன்னமேயே அடங்கியிருப்பதால், அதன் ஒரு பங்கு எரிய 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதக் கலப்பு எரிபொருளுக்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 13.5 பங்கு. வெறும் பெட்ரோலுக்கென அமைந்த பழைய கார்புரேட்டரில் இதனை ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடும். புதிய வண்டிகளில் ஸென்ஸர் இதனைச் சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டரால் இயலாது. முன்னரே மெலிவின் எல்லையில் இருந்த வண்டி, வேறு குறை எதுவுமின்றியே வெடிக்கத் தொடங்குவதற்கு இது காரணமாகலாம். கசிவு எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பின்னர், இத்தகைய வண்டியில் பைலட் கலவையைச் சற்றே திருத்துவது பொருத்தமானதே.

அவ்வாறு திருத்தும்போது உயரத்தையும் கருத வேண்டும். புனே நகரம் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 560 மீட்டரிலும், சிங்ககட் ஏறத்தாழ 1,300 மீட்டரிலும் உள்ளன. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர்க் கலவை தானே செறியும். மலையுச்சியில் சரிசெய்த வண்டி சமவெளியில் மெலிந்துவிடும். ஆகவே வண்டி வழக்கமாக ஓடும் உயரத்திலேயே, எஞ்சின் நன்கு சூடேறிய பின் திருத்தம் செய்தல் வேண்டும்.

விரும்பி எழுப்பும் ஓசை

சில இளைஞர் இவ்வெடியை வீரமெனக் கருதி, தயாரிப்பாளர் பொருத்திய சைலென்ஸரை நீக்கிக் குட்டையான குழாய்களை மாட்டுகின்றனர். கேடலிடிக் கன்வெர்ட்டர் நீங்குவதாலும், குழாயின் வாய்வழியே காற்று பின்னோக்கி எளிதில் புகுவதாலும் வெடி வலுக்கிறது. சைலென்ஸர் இன்றியமையாதது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கண்டது. ஒலி, காற்று மாசு பற்றிய வரம்பை மீறுவோருக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தண்டனை விதிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 10,000 ரூபாய்வரை செல்லலாம்.

பள்ளியிலும் பணியிடத்திலும்

பள்ளி ஆசிரியர்களுக்கு இப்பொருள் பல பாடங்களை இணைக்கும் வாய்ப்பை அளிக்கிறது. எரிதலுக்கு எரிபொருள், பிராணவாயு, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற விதியை மாணவர் மனப்பாடம் செய்திருப்பர். புகைக்குழாயில் இம்மூன்றுள் எதனை அகற்றலாம், எதனை அகற்றலாகாது என்று வினவினால், அவ்விதியைப் பயன்படுத்தும் பழக்கம் ஏற்படும். எஞ்சினின் சுழற்சியிலிருந்து விநாடிக்கு எழும் பொறிகளைக் கணக்கிடுவதும் நல்ல பயிற்சியே. எஞ்சினை இயக்கிக் காட்டுவதாயின் திறந்தவெளியில் மட்டுமே காட்ட வேண்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

களப் பணியாளர்கள் தங்கள் வண்டியின் பதிவேட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கலாம். வெடி எழுந்த நாள், வேகம், பார்த்த இணைப்பு, மாற்றிய உறுப்பு, திருகின் சுற்று எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவைத்தால், அடுத்த முறை பழுதுபார்ப்பவர் யாராயினும் தொடக்கத்திலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. அப்பக்கத்தில் திருகின் எண்ணிக்கை அடிக்கடி மாறிவருவதாகக் கண்டால், கசிவு இன்னும் அகப்படவில்லை என்றே கொண்டு, இணைப்புகளை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.